நாலாவது சரணத்தை மூணு தடவை

ஆமா, மூணு தடவைதான் பாடினேன். பாட்டை எழுதினவ நான், பாடகர் குழுவை நடத்தறவளும் நான். எத்தனை தடவை பாடணும்னு கீபோர்டு வாசிக்கறவன்கிட்ட கேக்கணுமா? பெத்த புள்ளையா இருந்தா என்ன? உக்காரு. கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்காதே.

கோயில்ல எல்லாரும் என்னையே பாத்தாங்களா? பாக்கட்டும். பதினோரு வருஷமா மூணு ராஜா திருநாளுக்கு இதே பாட்டு. ராஜாங்க குழந்தை ஏசுவுக்குக் கொண்டு வந்த பொன்னுக்கு ஒரு சரணம், சாம்பிராணிக்கு ஒண்ணு, வெள்ளைப்போளத்துக்கு ஒண்ணு. நாலாவதை எழுதிக் காட்டின அன்னிக்கே ஃபாதர் வேணாம்னுட்டார். திருநாளும் அதுவுமா, அந்தப் புள்ளையைக் கொல்லத் தேடின ஏரோது எதுக்கும்மான்னார். நானும் வாயை மூடிக்கிட்டு நோட்டுல வச்சுட்டேன். இன்னிக்கு யார்கிட்டயும் கேக்கல.

ஏரோது அதட்டியா கேட்டான்? நயமாத்தான் கேட்டான். புள்ளை எங்கேன்னு வந்து சொல்லுங்க, நானும் போய்க் கும்பிடறேன்னான். மூணு ராஜாவும் அவன்கிட்ட திரும்பிப் போகவே இல்ல. வேற வழியா ஊரு போய்ச் சேந்துட்டாங்க. சரணம் அவ்வளவுதான்.

நீயும் இப்ப நயமாத்தான் கேக்கறே. எங்கேன்னு மட்டும் சொல்லும்மா, நானே போய்க் கூட்டிட்டு வரேன்னு. சொல்ல மாட்டேன்.

குரலை ஏத்தாதே. எனக்குக் காது நல்லா கேக்குது.

வியாழக்கிழமை உன் பொண்டாட்டி மணிக்கட்டுல துண்டைச் சுத்திக்கிட்டு, பொண்ணையும் கூட்டிக்கிட்டு என் தையல் கடைக்கு வந்தா. அவ வர்றதுக்கு முன்னாடியே உன் போன் வந்துடுச்சு, பாத்ரூம்ல வழுக்கிட்டான்னு. ஜாக்கெட்டை மிஷின்லயே போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். நர்ஸ் பக்கத்துல வந்து நின்னாங்க, அவ்வளவுதான், இன்னும் வாயே தெறக்கல. உன் பொண்ணு சொல்லுது, அம்மா வழுக்கி விழுந்துட்டாங்க ஆன்ட்டி, யாரும் தள்ளலன்னு. நாலு வயசுடா அதுக்கு. தள்ளினாங்களான்னு யாரு கேட்டா?

இதே மாதிரி பேச்சை நான் முன்னாடியே கேட்டிருக்கேன். உனக்கு மறந்திருக்கும். உனக்கு அஞ்சு வயசு. உங்கப்பா இழுத்த இழுப்புல என் காது கிழிஞ்சு தொங்குது. தையல் போடற எடத்துல கேட்டா, கம்மல் கதவுல மாட்டிக்கிச்சுன்னு சொல்லுடா கண்ணான்னு வழியெல்லாம் சொல்லிக் கொடுத்தே கூட்டிட்டுப் போனேன். நீ ஒரு எழுத்து மாறாம சொன்னே. சமத்துன்னு முத்தம் வேற கொடுத்தேன். அது என் தப்பு. சாகற வரைக்கும் என் தப்புதான். அதுக்காக நீ பண்ணினதையும் என் முந்தானையில முடிஞ்சுக்கணுமா? முடியாது.

இன்னிக்குக் கோயில்ல கீபோர்டை விட்டு நீ எழுந்திரிக்கக் கூடாது, எனக்கு அதான் வேண்டியிருந்துச்சு. ஊரே பாக்கறப்ப பாதிப் பாட்டுல எழுந்து போக மாட்டே. உன் மானம் உனக்கு அவ்வளவு பெருசு. நீ தலையைக் குனிஞ்சு வாசிச்சே, உன் பொண்டாட்டியும் பொண்ணும் பக்கவாசல் வழியா போனாங்க. வெளிய வண்டி கிளம்பற சத்தம் கேக்கற வரைக்கும் விடாம பாடினேன். தொண்டை கட்டினது அதான்.

அழறியா? அழு. நீ என் புள்ளை இல்லன்னு நான் சொல்லல. காலை மட்டும் விடு.

எழுந்து மூஞ்சைக் கழுவிக்கோ. சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சாப்பிடு. அஞ்சு மணிக்கு போலீஸ் ஸ்டேஷன்லேருந்து வராங்க. அவளைத் திட்டாதே, அவ எழுதிக் கொடுக்க மாட்டேன்னுட்டா. புகார்ல இருக்கறது என் கையெழுத்து. நேத்தே போட்டுட்டேன்.