– சார், இந்த ‘ஒட்டக மந்திரி’ கதை வரிசையில எது முதல் புத்தகம்?

– முதல் புத்தகத்துல ஆரம்பிக்காதீங்க மேடம். அதுல சிரிப்பே வராது.

– முதல்ல இருந்து படிக்காம வேற எங்க இருந்து சார் படிக்கறது? சட்டுனு ஒண்ணு எடுத்துக் குடுங்க. எதிர்ல பொண்ணுக்கு நீச்சல் கிளாஸ் முடியற நேரம்.

– பொறுங்க. லைப்ரரியில ஒரு அலமாரி முழுக்க இதுதான். எழுதினவருக்கு நாலாவதுலதான் கை வந்துது. எந்த மந்திரம் போட்டாலும் தப்பாவே பலிக்கற அந்த ராஜ்யத்துல, ஒட்டகம் மந்திரியாகறது அதுலதான். இல்லேன்னா சூனியக்காரிங்க சங்கம் வெச்சு ஸ்டிரைக் பண்ற ஒன்பதாவது...

– அந்த ஒட்டகம் செத்துடும். தெரியும் சார்.

– ஒண்ணுமே படிக்காத மாதிரி கேட்டீங்க. அது கடைசிப் புத்தகத்துல, கடைசி அத்தியாயம் ஆச்சே?

– அதான் வினை. பொண்ணு அதைச் சாப்பாட்டு மேசையில கவுத்து வெச்சிருந்தா. அப்படி என்னத்துக்குத் தனியா சிரிக்கறான்னு புரட்டினேன். நான் பேப்பரையே பின்னால இருந்து படிக்கறவ. சாப்பிடறப்ப, பேச்சுக் குடுப்போமேன்னு, ‘பாவம், ஒட்டகம் போயிடுச்சே’ன்னு சொல்லித் தொலைச்சேன்.

– அடக் கடவுளே. அவ எதுவரைக்கும் படிச்சிருந்தா?

– பாதி. தட்டை அப்படியே வெச்சுட்டு எழுந்து போயிட்டா. ஒரு வாரமா மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல.

– சொந்தப் பொண்ணுதானே, சரியாயிடும்.

– அவ அப்பாவை நான் கட்டிக்கிட்டு ரெண்டு வருஷம் ஆகுது சார். என்னை ஒண்ணும் சொல்லிக் கூப்பிட மாட்டா. ‘இங்க பாருங்க’, ‘கேக்குதா’, அவ்வளவுதான். இப்ப அதுவும் போச்சு.

– கொஞ்சம் உக்காருங்களேன். குறுக்கும் நெடுக்குமா நடக்கறீங்க.

– உக்கார முடியலையே. வீட்ல அந்தச் சிரிப்புச் சத்தமே இல்ல. நாலாவதைக் குடுங்க. ஒழுங்கா முன்னால இருந்து படிச்சுட்டு, அவகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்.

– அதை வேற ஒருத்தருக்கு எடுத்து வெச்சிருக்கேனே.

– அப்ப ஒன்பதாவது. எதையாவது குடுங்க சார், வந்துடப் போறா.

– பொறுங்க, பொறுங்க. உங்க பொண்ணு காதுல பென்சில் செருகிட்டுத் திரிவாளோ?

– ஆமா. ஏன், இங்கயும் வந்து என்னைப் பத்திச் சொல்லிட்டாளா?

– முந்தாநாள் வந்தா. கார்டுல இடம் இல்ல, கையில இருக்கறதைத் திருப்பிக் குடுத்துட்டு வாங்கிக்கறேன், வேற யாருக்கும் குடுத்துடாதீங்கன்னா. இந்தாங்க, இதுதான்.

– நாலாவதா? அவ இதை எப்பவோ படிச்சிருப்பாளே. இதென்ன, பின்பக்கத்தை மட்டும் நூல் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கு?

– அவ கட்டினது. ‘எங்க அம்மாவுக்கு சார், அவிழ்த்துடாதீங்க, அவங்க நேரா கடைசி அத்தியாயத்துக்குப் போயிடுவாங்க’ன்னா.