லட்சுமி அக்கா ஏசிய நாள்

தலைமை தாங்கும் தோட்டத் தலைவர் நாகலிங்கம் ஐயா அவர்களே, மாலைகளுக்குள் மறைந்திருக்கும் மாண்புமிகு விருந்தினர்களே, அந்த மாலைகளோடு காலையிலிருந்து வெயிலில் காத்திருந்த தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்!

நிவித்திகல மலையடியில், இதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில் பிறந்த ராக்கம்மாவின் மகள் சுமித்ரா நான். "புது வீடு திறக்கிற நாள், டீச்சர். சின்ன வயசு ஒற்றுமையைப் பத்தி இனிமையா பேசுங்க" என்றார்கள். பேசுகிறேன்.

எங்களிடம் இல்லாத ஒற்றுமையா? ஒரே கூரை, ஒரே சுவர், மலையிலிருந்து குழாயில் கொட்டும் ஒரே பீலித் தண்ணீர்! அடுத்த வீட்டில் தும்மினால் எங்கள் வீட்டில் "நூறு வயசு" என்போம். அந்த ஒற்றுமையின் உச்சத்தில்தான், பீலியடியில் யார் வாளி முதலில் என்ற வழக்கில், என் தாயும் பக்கத்து வீட்டு லட்சுமி அக்காவும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

என்ன லட்சுமி அக்கா, முன்வரிசையில் முகத்தை மூடிக்கொண்டால் விட்டுவிடுவேனா?

அந்த வருஷத்து மழையில் லயத்தின் பின்சுவர் வெடித்தது. சொன்னோம். சும்மா இருந்ததா நிர்வாகம்? சுறுசுறுப்பாக வந்து சுண்ணாம்பு அடித்துத் தந்தது! விழப்போகிற சுவர் அவ்வளவு வெள்ளையாக நின்றதை உலகம் கண்டிருக்காது.

ஒரு பிற்பகல். அடைமழை, மலையில் கொழுந்தெடுக்கும் வேலை இல்லை. விறகெடுக்கப் பின்னால் போன லட்சுமி அக்கா, மண்மேடு பிளந்து சேறு கசிவதைக் கண்டார். கூவிக்கொண்டே ஓடிவந்தார். லயமே வெளியேறியது. என் தாய் மட்டும் அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அவரை விட்டு நானும் தம்பியும் எங்கே போவோம்?

"அக்கா, மண்ணு வருது! வெளிய வாங்க!" என்றார் எங்கள் வாசலுக்கு வந்த லட்சுமி அக்கா.

"இவ கூப்பிட்டு நான் போறதா?" என்று என் தாய் ரொட்டியைப் புரட்டினார்.

லட்சுமி அக்கா கெஞ்சினாரா? இல்லை. கும்பிட்டாரா? இல்லை. சேலையை இழுத்துச் செருகினார்.

"ஏ ராக்கம்மா! என் வாளியத் தள்ளிவுட்ட கழுத! தெம்பிருந்தா வெளிய வாடி!"

பொறுப்பாரா என் தாய்? தம்பியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கரண்டியோடு பாய்ந்தார். வேடிக்கை பார்க்க நானும் ஓடினேன். லட்சுமி அக்கா ஏசிக்கொண்டே பின்வாங்க, என் தாய் ஏசிக்கொண்டே முன்னேற, சண்டை கோயில் மைதானம் வரை போனது. அப்போதுதான் அந்தச் சத்தம். திரும்பினோம். எங்கள் வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது.

கரண்டி கைநழுவியது. என் தாய் லட்சுமி அக்காவின் பக்கம் திரும்பினார்.

"ஏன்டி, மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"சொன்னேனேக்கா!"

"சத்தமா சொல்லணும்டி!"

சொல்லிவிட்டு லட்சுமி அக்காவின் தோளில் விழுந்து அழுதார். அவரை அணைத்துக்கொண்டு அக்காவும் அழுதார்.

அவையோரே! இன்று கிடைத்த வீடுகளுக்கு உளமார்ந்த நன்றி. ஆனால் இதே தோட்டத்தின் மேல் பிரிவு லயங்களில், அதே மலைக்குக் கீழே, இன்றும் பிள்ளைகள் உறங்குகிறார்கள். மழைக்காலம் வருகிறது. ஆய்வு வரும், அறிக்கை வரும், ஆறுதல் வரும். வீடு எப்போது வரும்? அன்பாகச் சொன்னோம், அடக்கமாகச் சொன்னோம், அழுதும் சொன்னோம். மேடைக்குக் கேட்கவில்லை.

மாண்புமிகு விருந்தினர்களே, லட்சுமி அக்காவை ஒலிவாங்கிக்கு அழைக்கட்டுமா?

கைதட்டல் எனக்கு வேண்டாம், அவருக்குத் தட்டுங்கள். செவிகொடுத்த சொந்தங்களுக்கு நன்றி. மேல் பிரிவு உறவுகளுக்கு என் வணக்கம்!