சனிக்கிழமை ஒன்பது பத்துக்கு

முதல்ல பேனையை எடும் சோதிலிங்கம், தேத்தண்ணி பிறகு குடிக்கலாம். மூண்டு கோல்ஃப் கார்ட். அடிச்ச கணக்கை நானே எழுதியிருக்கிறன். கூட விளையாடினவர் எண்ட இடத்தில நீர் ஒரு கையெழுத்து வையும், அவ்வளவுதான்.

என்ன, நான் அடிச்சது நூற்றி முப்பத்தொண்டோ? எனக்குத் தெரியாதே! பதினாலாம் குழியில நாலு பந்தைத் தண்ணிக்குள்ள விட்டனான், நீர் நிண்டு சிரிச்சனீர். சிரிச்ச வாயால இப்ப நேர்மை கதைக்கிறீர். நூற்றெட்டுக்குள்ள அடிக்கிற ஆள் எண்டு கார்ட் காட்டினாத்தான் சுவீடன்காரன் திடலுக்குள்ள விடுவானாம். நூற்றெட்டு, அர்ச்சனை மாதிரி. இஞ்சத்தைய மாதிரி பத்து டொலரைப் பெட்டிக்குள்ள போட்டிட்டு இறங்கேலாது. அது தெரியாமல் நான் பிளேன் ரிக்கட்டும் எடுத்திட்டன்.

ஓம், சிரியும். இஞ்ச ஈஸ்ட் டாமாக்கி ஸ்டோரில பெட்டி அடுக்கிறவனுக்கு சுவீடனில கோல்ஃப் கேக்குதாம் எண்டு உம்மட மனிசி கோயிலில சொல்லித் திரிஞ்சவவாம். சொல்லட்டும்.

மகளைப் பாக்கப் போறவருக்கு ஏன் கோல்ஃப் எண்டோ? உம்மட தமக்கையின்ர மோனைக் கேளும். பதினாலு மாசம் ஐசே. எப்ப எடுத்தாலும் ஃபோனில மகள் இல்லை, அவள்ர புருசன் யசீகரன்தான். கௌரி குளிக்கிறா மாமா, கௌரி நித்திரை மாமா. பதினாலு மாசமா ஒரு பிள்ளை குளிக்குமோ? வாறம் எண்டா, வீட்டில இடமில்லை, ஹோட்டலில நில்லுங்கோ எண்டான். நல்ல பெடியன், நான் பொறுப்பு எண்டு என்ர சோபாவில இருந்து சொன்னது ஆர்? நீர். மூண்டு வடையும் திண்டீர்.

கடைசியா, நானும் இஞ்ச கோல்ஃப் அடிக்கிறனான் தம்பி எண்டு ஒரு சொல்லு விட்டுப் பாத்தன். அண்டைக்குத்தான் அவனுக்கு வாய் திறந்தது. தன்ர கிளப்பாம், பார்க் மாதிரியாம், ஓக் மரமாம், குளமாம், மான் வந்து நிக்குமாம். கார்டோட வாங்கோ மாமா, என்ர டொக்டர் பிரெண்ட்ஸோட அடிப்பம் எண்டு படம் போட்ட புத்தகமும் அனுப்பினான். ஜூன் ஏழு, சனிக்கிழமை, ஒன்பது பத்து. பேர் பதிஞ்சாச்சு.

பொய்க் கையெழுத்து வைக்க மாட்டீரோ? அப்ப இதைச் சொல்லும். அவன் முதல் ஒருத்தியைக் கட்டினவன், அவள் அந்த வீட்டைவிட்டு ஓடினவள் எண்டு உமக்குத் தெரியுமோ தெரியாதோ? ஏன் நிலத்தைப் பாக்கிறீர்? அவள்தான் எங்களுக்குக் கடிதம் போட்டது. வெளியில போகேக்க கதவைப் பூட்டித் திறப்பைக் கொண்டு போறவனாம். அதைத் தெரிஞ்சுகொண்டு வடை திண்ட மனிசன், ஒரு கார்டுக்குப் பயப்பிடுறீர்.

வையும். இதிலயும். கீழ திகதி. சரி, இப்ப தேத்தண்ணியைக் குடியும், ஆறுது.

அந்தப் புத்தகத்தில கடைசிப் பக்கம் பாத்தீரே? ஒன்பதாம் குழிக்குப் பக்கத்தில ஒரு சிவப்பு வீடு தெரியுது, அதுதான் அவையின்ர. பாதி ஆட்டத்தில வீட்டை ஒருக்கா எட்டிப் பாத்திட்டுத்தான் மிச்சம் அடிப்பானாம், பெருமையாச் சொன்னவன். அண்டைக்கு ஏலாது. டொக்டர்மாருக்கு முன்னால மாமனை விட்டிட்டு ஓடுவானோ? நான் குழிக்கொரு பந்து துலைப்பன், எல்லாரும் நிண்டு தேடவேணும்.

செல்வநாயகியோ? பெத்த தாய் கோல்ஃப் பாக்க வரேல்லை. ஒன்பதரைக்கு, அவன்ர அந்த முதல் மனிசியின்ர காரில அந்தச் சிவப்பு வீட்டை போறா. பூட்டுத் திறக்கிறவனையும் கூட்டிக்கொண்டுதான். அவையள் கௌரியோட நோர்வே எல்லை தாண்டுமட்டும் அவனைப் புல்லில வைச்சிருக்கிறது என்ர வேலை.

ஃபோன் அங்கதான் இருக்கு, மருமோனுக்கு எடுக்கிறதெண்டா எடும். மாமான்ர கார்டில கையெழுத்து வைச்சு அனுப்பினது ஆரெண்டு அவன் கேப்பான், அதையும் சொல்லும்.