அமாவாசைக்கு வரும் வாசகி

எனக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது, மேடம். பத்து நிமிடம் உட்கார்ந்தால் மூக்கு அடைத்துக்கொள்ளும். விசாரணை முடியும்வரை அதை அணைத்துவிட்டு மின்விசிறியைப் போடச் சொல்லுங்கள். ஏசி வேண்டும் என்று வருஷக்கணக்காக எழுதிக் கேட்டவன் இப்படிச் சொல்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். நான் எனக்காகக் கேட்கவில்லை.

என் பெயர் குணசேகரன். தஞ்சாவூரில் இந்த அறக்கட்டளை நூலகத்தில் மின்னாவணப் பிரிவின் பொறுப்பாளர். பிரிவு என்றால் நானும், பின்னால் வந்த உதவியாளர் அனீஸாவும். அவ்வளவுதான். சுவடிகளைப் படம் எடுப்போம். ஊர் ஊராகப் போய் மனிதர்கள் பேசுவதைப் பதிவு செய்வோம். எடுத்து வைத்ததெல்லாம் பல வருஷம் கழித்தும் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்போம். இந்தக் கடைசி வேலைதான் வேலை. முதல் இரண்டையும் செல்போன் வைத்திருக்கிற யாரும் செய்துவிடலாம்.

ஹார்டு டிஸ்க்கைப் பூட்டி வைத்தால் சில வருஷத்தில் அது பாட்டுக்குச் செத்துப்போகும். சத்தமே வராது. அதனால் புது டிஸ்க்குக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றுக்கு மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். இது என் சொந்தக் கற்பனை இல்லை, இந்தத் தொழிலில் எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம். என்னிடம் இருந்தது ஒரே பிரதி. அது இருந்தது கழிப்பறைக்கு அடுத்த அறையில். ஐப்பசி மழைக்குச் சுவர் ஊறும், சித்திரையில் உள்ளே நிற்க முடியாது.

“இன்டர்நெட்டுலதான் எல்லாம் இருக்கே குணசேகரன், எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?” என்பார் செயலாளர். பென்டிரைவ் வாங்கிப் போட்டு வைக்கச் சொன்னார். அதே வருஷம் ஆண்டுவிழாவுக்குப் பொன்னாடை எடுக்கக் கார் வைத்துக்கொண்டு கும்பகோணம் போய்வந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை மறைக்கவில்லை. கோபக்காரன்தான் நான். ஆனால் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை, நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

பிறகு ஒரு டிஸ்க் நிஜமாகவே போயிற்று. திருவையாற்றுப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து வாங்கிப் படம் எடுத்த வைத்தியச் சுவடிகள் அதில் இருந்தன. மூலச் சுவடியை அதற்குள் செல்லரித்துவிட்டது. ஆக, இனி உலகத்தில் எங்கேயும் இல்லை. செயற்குழுவில் எழுந்து நின்று சொன்னேன். குறிப்பில் ‘அறிந்துகொள்ளப்பட்டது’ என்று எழுதிக்கொண்டார்கள். அடுத்த பொருள் ஆண்டுவிழாச் சிற்றுண்டி. வடையா போண்டாவா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வெகுநேரம் பேசினார்கள். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஓலைக்காக இவர்கள் அசைய மாட்டார்கள், இவர்கள் எதிரில் ஒரு மனுஷி வந்து அழ வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது.

அப்போதுதான் தர்மாம்பாள் நினைவுக்கு வந்தார்.

கஜா புயலுக்குப் பிறகு பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்புக்காரர்களைச் சந்தித்துப் பேச்சைப் பதிவு செய்தோம். ரெத்தினம் என்பவர் முக்கால் மணி நேரம் பேசினார். மைக்கைப் பிடித்திருந்தவன் நான்தான். தொடக்கத்தில் வழக்கமாகக் கேட்பதுபோல் ஊர், பெயர், வீட்டுக்காரம்மா பெயர் என்று கேட்டேன். லேசாகச் சிரித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, “தர்மாம்பாள்” என்றார். அப்புறம் விழுந்த தென்னைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். கொரோனாவில் அவர் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். வீட்டுக்காரம்மாவுக்கு முகத்தைக்கூடக் காட்டாமல் எரித்துவிட்டார்கள்.

அந்த அம்மா எங்களைத் தேடி வந்தது அதற்கு அடுத்த வருஷம். ஹெட்போனை மாட்டிவிட்டேன். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: “நாப்பது வருசத்துல ஒரு நா எம்பேரச் சொல்லிக் கூப்புட்டதில்ல சார். ‘இந்தா’ன்னுதான் கூப்புடுவாங்க. இந்தப் பொட்டியிலதான் சொல்லியிருக்காங்க.”

அதிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் படையல் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிடுவார். முழுவதும் கேட்பார். முடிந்ததும் தொடக்கத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொல்வார். செல்லில் ஏற்றித் தரச்சொல்லி ஒருமுறை கேட்டார். செயற்குழு அனுமதி இல்லாமல் பிரதி வெளியே போகக் கூடாது என்று விளக்கினேன். விதி எல்லாருக்கும் ஒன்றுதான். உண்மையைச் சொன்னால், என் பிரிவுக்கு வாசகி என்று இருந்தது அவர் ஒருவர்தான்.

ஓர் ஆவணி மாதம், அந்தப் பதிவு இருந்த டிஸ்க் கெட்டுவிட்டது என்று அறிக்கை கொடுத்தேன். அமாவாசையன்று அவரிடம் நேரில் சொன்னேன். “முழுசாப் போயிருச்சா சார்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். மடியில் இருந்த ஹெட்போனின் வயரைச் சுற்றினார். பிறகு அதை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

செயற்குழுவுக்கு அவரை நான்தான் அழைத்துப்போனேன். என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை, அதற்குத் தேவையும் இருக்கவில்லை. “ஒங்களுக்கெல்லாம் போட்டோ, கீட்டோன்னு ஏதாவது இருக்கும் ஐயா. எனக்கு அந்தச் சத்தந்தான் இருந்துச்சு” என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உள்ளூர்ப் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. அடுத்த கூட்டத்திலேயே எல்லாம் கிடைத்துவிட்டது. சர்வர், ஏசி, திருச்சியில் ஒரு பிரதி, அனீஸாவுக்குச் சம்பளம். இத்தனை வருஷம் நான் எழுதியதற்கு அசையாதவர்கள் ஒரு கிழவியின் கண்ணீருக்கு அசைந்தார்கள். அப்படியானால் கோபப்பட வேண்டியது யார்மேல், நீங்களே சொல்லுங்கள்.

டிஸ்க் கெடவில்லை, மேடம். நான் எதையும் அழிக்கவும் இல்லை. அழிக்க என் கை வராது. ரெத்தினத்தின் பதிவை எடுத்து என் சொந்தக் கோப்புறையில் ‘ஏசி பராமரிப்பு’ என்று பெயரிட்டுப் போட்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

பணம் வந்ததும் கண்டுபிடித்ததுபோல் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இரண்டாம் தவணை பாக்கி இருந்தது. குரல் கிடைத்துவிட்டது என்றால், பழைய டிஸ்க்கே போதுமே என்று கையை விரித்துவிடுவார்கள். அவர்களை எனக்குத் தெரியும். பிறகு திறப்புவிழா வந்தது. தர்மாம்பாளை அழைத்துக் குத்துவிளக்கு ஏற்ற வைத்தோம். அது என் யோசனைதான். விளக்கை ஏற்றிவிட்டு என்னிடம், “இனிமே யாரோடதும் போவாதுல்ல சார்?” என்று கேட்டார். போகாது என்றேன். அது சத்தியமான உண்மை. அதற்குப் பிறகு கொடுத்தால், ஏன் அப்போதே கொடுக்கவில்லை என்ற கேள்வி வரும். என்னைக் கேட்டால் பரவாயில்லை. பிரிவையே சந்தேகப்படுவார்கள்.

அவர் அமாவாசைக்கு வருவதை நிறுத்தவில்லை. “ஏதாவது கெடச்சுச்சா சார்?” என்பார். முயற்சி செய்துகொண்டிருக்கிறோம் என்பேன். அனீஸா டீ வாங்கிக் கொடுப்பாள். குடித்துவிட்டுப் போய்விடுவார். போன கார்த்திகையில் மட்டும் போகாமல் என் மேசைக்கு எதிரில் வந்து நின்றார்.

“நீங்க எத்தனையோ தடவ கேட்ருக்கீங்கல்ல சார். எனக்குக் காதுல மங்கிக்கிட்டே வருது. எப்புடிச் சொன்னாங்கன்னு ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க.”

என்னால் மறுக்க முடியவில்லை. அந்தப் பதிவு எனக்கு மனப்பாடம். அவரைப் போலவே கொஞ்சம் சிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “தர்மாம்பாள்” என்றேன். நன்றாகத்தான் வந்தது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இல்ல சார், இது இல்ல” என்றார். பிறகு நான் வருத்தப்படுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, “பரவால்ல, விடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்கழி அமாவாசைக்கு அவர் வரவில்லை, தைக்கும் வரவில்லை. அனீஸா போன் செய்தாள். இறந்து பத்து நாளாகிவிட்டது என்றார்கள்.

புது சர்வரில் மாதம் ஒருமுறை ஒரு சோதனை நடக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி ஓர் எண் உண்டு. ஒரு விநாடி ஒலி குறைந்தாலும் அந்த எண் மாறிவிடும். கெட்டுப்போனது என்று பட்டியலில் பதிவான கோப்பின் எண்ணும், ‘ஏசி பராமரிப்பு’க்குள் இருந்த கோப்பின் எண்ணும் ஒன்றாக இருப்பதைப் பங்குனியில் அனீஸா பார்த்துவிட்டாள். நான் கேட்டு வாங்கிய மென்பொருள்தான் காட்டிக்கொடுத்தது. கடைசியில் ஒரு விநாடியை வெட்டியிருந்தால் போதும், யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு அது அப்போதே தெரியும். பதிவைச் சேதப்படுத்த மனசு வரவில்லை. இதை நீங்கள் குறிப்பில் எழுதிக்கொள்ள வேண்டும்.

அனீஸா அதை ஸ்பீக்கரில் போட்டாள். ரெத்தினம் சிரித்து, தொண்டையைச் செருமி, அந்தப் பெயரைச் சொன்னார். அவள் அங்கேயே நிறுத்திவிட்டாள்.

“போன கார்த்திகைகூட வந்தாங்களே சார்” என்றாள். நேராக எழுந்துபோய் உங்களுக்கு எழுதிவிட்டாள். நல்ல பெண், வேலையில் கெட்டி. பிரிவை அவளிடமே கொடுங்கள் என்று சிபாரிசு செய்கிறேன்.

தண்டனையைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. என்னைத் திருடன் என்று எழுதலாம், பொய்யன் என்று எழுதலாம். அலட்சியக்காரன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது இன்னொருவருக்குச் சேர வேண்டிய பட்டம். அந்தக் குரலுக்கு இன்றைக்கு மூன்று பிரதி இருக்கிறது, ஒன்று திருச்சியில். ஒரு பழுது கிடையாது. இன்னும் ஐம்பது வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும். அமாவாசையோ ஆடிக் கிருத்திகையோ, யார் வந்து கேட்டாலும் போட்டுக் காட்டலாம்.