குழந்தையைத் தூக்கலாமா, டாக்டரம்மா?

என்னைப் போன்ற எத்தனையோ பேரின் முதுகெலும்பைத் திறந்து, திருத்தி, திரும்ப மூடி, இன்று இந்த மருத்துவமனை விழாவுக்கும் தலைமையேற்றிருக்கும் எங்கள் டாக்டரம்மா அவர்களே! ஊசியை ஓங்கும்போதும் புன்னகை மாறாத செவிலியர்களே! இடுப்புப் பட்டையோடு முன்வரிசையில் நிமிர்ந்து, வேறு வழியே இல்லாமல் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் என் உடன்பிறவாப் பெரியோர்களே! குனிய முடியாத கணவன்மாருக்குச் செருப்பு மாட்டிவிட்டுக் கூட்டி வந்திருக்கும் தாய்மார்களே! இரு கை கூப்பி வணங்குகிறேன். குனிந்து வணங்கவும் ஆசைதான், பயமாக இருக்கிறது.

என் பெயர் கிரேன். நான் சாமான் இறக்கும் வீட்டுச் சாதனக் கடையில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் ஃப்ரிட்ஜ் தூக்கியவன் நான்! முதுகில் சுமைப் பட்டையை மாட்டினால் மூன்று மாடியையும் மூச்சு வாங்காமல் ஏறுவேன். யாரது சிரிப்பது? என் கூட ஏறினவரா? சரி, கொஞ்சம் மூச்சு வாங்கும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு படி இறங்கினேன், முதுகில் சடக்கென்றது, இடது கால் மரத்துப் போனது. டாக்டரம்மா கத்தியை எடுத்தார். மறுநாள் நடந்தேனா இல்லையா? நடந்தேன்! கழிவறை வரைக்கும் நடந்தேன், ராஜநடை நடந்தேன்! அந்தக் கைகளுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். போதாது, இன்னும்!

இந்த மேடைக்கு என்னை ஏன் அழைத்தார்கள் தெரியுமா? இந்த ஆண்டின் மிகத் திருப்தியான நோயாளி நானாம்! வீட்டுக்கு அனுப்பும் அன்று ஒரு படிவம் கொடுப்பார்களே, அழுகிற முகம் முதல் சிரிக்கிற முகம் வரை ஐந்து முகம் போட்டிருக்குமே, அதில் பத்துக் கேள்விக்கும் சிரிக்கிற முகத்தையே தேர்ந்தெடுத்தவன் நான் ஒருவன்தானாம். 'மருத்துவர் உங்களுக்குப் புரியும்படி பேசினாரா?' சிரிக்கிற முகம்! 'உங்கள் சந்தேகங்கள் தீர்ந்தனவா?' அதற்கும் சிரிக்கிற முகம்!

அவையோரே, அந்தப் படிவம் பொய். வாசலில் கார் காத்திருந்தது, பேனாவை நீட்டியபடி நர்ஸம்மா பக்கத்திலேயே நின்றார், நான் டிக் அடித்துவிட்டேன். டாக்டரம்மா, முறைக்காதீர்கள், இன்னும் இருக்கிறது.

அன்று காலை நீங்கள் என்ன சொன்னீர்கள்? "வெயிட் தூக்காதீங்க ஐயா." அவ்வளவுதான்! உங்கள் போன் அடித்தது, போய்விட்டீர்கள். எத்தனை கிலோ? எத்தனை நாள்? நான் கேட்டேனா? நோயாளி குலத்துக்கே உரிய பதிலைச் சொன்னேன்: "சரிங்க டாக்டர்." புரிந்தாலும் சரிங்க டாக்டர், புரியாவிட்டாலும் சரிங்க டாக்டர், தலை சுற்றினாலும் சரிங்க டாக்டர்! பெரியோர்களே, நீங்கள் சொன்னதே இல்லையா? பாருங்கள், முன்வரிசை முழுக்கத் தலையாட்டுகிறது!

வீடு திரும்பிய பத்தாம் நாள் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எண்பது கிலோ ஃப்ரிட்ஜைச் சுமந்த என் முன்னால் மூன்று கிலோவை நீட்டினாள். "தூக்குங்கப்பா." நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வெயிட் தூக்கக் கூடாதே! ஒருநாள் கை ஈரம் என்றேன், ஒருநாள் சட்டை அழுக்கு என்றேன். மடியிலாவது வைத்திருக்கலாமே என்கிறாரா அந்த அண்ணன்? நழுவினால் எட்டிப் பிடிக்க வேண்டாமா அண்ணே?

அப்பா முடமாகிவிட்டார் என்று மகள் கலங்கக் கூடாது. அதனால், டாக்டர் வெயிட் தூக்கக் கூடாது என்றதை அவளிடம் சொல்லாதே என்று மனைவியிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். போன மாதம் சமையலறையில் மகள் கேட்டது என் காதில் விழுந்தது. "ஏம்மா, அப்பாவுக்கு என் குழந்தையைப் பிடிக்கலையா?" தாய்மார்களே, அறுவை சிகிச்சைகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை.

கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? துண்டுச்சீட்டில் கேள்வியை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று தடவை வந்தேன். டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, "எப்படி இருக்கீங்க?" என்றார். "நல்லா இருக்கேங்க" என்றேன். "அடுத்தவரை வரச் சொல்லுங்க" என்றார். வெளியே மனைவி, "ஏங்க, கேட்டீங்களா?" "இல்ல." "ஏன்?" "வெளியே நாப்பது பேரு நிக்கிறாங்கடி." அதுவும் பொய்தான். கேட்டு, ஆயுசுக்கும் கூடாது என்று சொல்லிவிட்டால்? கேட்காதவரை எனக்கு நம்பிக்கையாவது மிச்சம் இருந்தது.

இன்று கையில் மைக் இருக்கிறது! எதிரில் கம்ப்யூட்டர் இல்லை! அடுத்தவரை வரச் சொல்லவும் முடியாது! அவை சாட்சியாகக் கேட்கிறேன், இதோ துண்டுச்சீட்டு: டாக்டரம்மா, என் பேத்தியை நான் தூக்கலாமா?

என்ன? மைக்கில் சொல்லுங்கள் தாயே, என் மகள் கடைசி வரிசையில் இருக்கிறாள்!

"மூணு மாசத்துக்குத்தான் ஐயா வேண்டாம்னது. அஞ்சு மாசம் முன்னாடியே தூக்கியிருக்கலாம்! நான்தான் சொல்லாம விட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க."

கேட்டீர்களா! கேட்டாயா மகளே! ஐந்து மாதம்! அழாதே, வா, மேடைக்கு வா! வழி விடுங்கள், பட்டைக்காரர்களே, மெதுவாக நகருங்கள்!

டாக்டரம்மா எழுந்து பக்கத்திலேயே வந்துவிட்டார். எப்படித் தூக்க வேண்டும் என்கிறார்? முழங்காலை மடக்கணும், முதுகு நேராக இருக்கணும், பிள்ளையை மார்போடு அணைச்சுக்கிட்டு எழுந்திருக்கணும். நான் புரிந்துகொண்டது சரிதானே? பாருங்கள், இம்முறை வெறும் 'சரிங்க டாக்டர்' சொல்லவில்லை. திருப்பிச் சொல்லிக் காட்டுகிறேன். அவையோரே, உங்களையும் கெஞ்சிக் கேட்கிறேன், திருப்பிச் சொல்லுங்கள்! டாக்டர் பாதியில் எழுந்துவிட்டால், உட்காருங்கள் டாக்டர், இன்னும் ஒன்று இருக்கிறது என்று சொல்லுங்கள்!

எட்டு கிலோ. இதோ.

அடேயப்பா! மூக்கைப் பிடிக்கிறாளே! மைக்கைத் தின்னப் பார்க்கிறாளே!

அந்தப் படிவத்தை இன்னொரு முறை கொடுங்கள், நர்ஸம்மா. இந்த முறை நிஜமாகவே டிக் அடிக்கிறேன். டாக்டரம்மாவுக்கு நன்றி, பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. கை கூப்பித்தான் விடைபெற வேண்டும். மன்னியுங்கள், என் இரண்டு கையிலும் ஆள் இருக்கிறது. வாயாலேயே சொல்லிக்கொள்கிறேன்: வணக்கம்!