மூக்குக்குக் கீழே

கண்ணாடி போடுகிறவர்களுக்கு மாஸ்க் ஒரு தொந்தரவு. மூச்சு விட்டால் போதும், இரண்டு பக்கமும் ஆவி படிந்துவிடும். நான் பார்க்க வேண்டியதோ பஸ் நேரம். கொரோவோ ஊருக்குப் போகிற பஸ்ஸை லோகியா பஸ் என்று நான் மைக்கில் அறிவித்துவிட்டால் மூட்டை முடிச்சோடு வந்த பெண்கள் வேறு ஊரில் போய் இறங்கி என்னைத் திட்டுவார்கள். அதனால்தான் மாஸ்க்கை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டேன். உங்கள் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்.

ஆனாலும் தலைநகர் சுவாவிலிருந்து தேடி வந்துவிட்டீர்கள். பொது இடத்தில் ஜனங்கள் ஏன் மாஸ்க்கை ஒழுங்காகப் போடவில்லை என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு போகிறீர்கள். பெயர் போடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டீர்கள். உட்காருங்கள், எனக்கும் இன்று வேலை இல்லை.

கொரோனா வந்த அந்த வருஷம் நான் பஸ் நிலையத்தின் நடுவில் இருந்த கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தேன். ஊரே அந்த அறையைச் சுற்றித்தான் போகும், வரும். அங்கிருந்து பார்த்தால் ஒரு விஷயம் புரியும். யாரும் நோயை நினைத்து மாஸ்க் போடவில்லை, போலீஸை நினைத்துத்தான் போட்டார்கள். டிரைவர்களுக்கு அது தாடைக்குக் கீழே தாடி மாதிரி தொங்கும். போலீஸ் தொப்பி தெரிந்தால் மேலே ஏறும், தொப்பி திரும்பினால் இறங்கும். மீன் விற்கிற ஒருவர் சிகரெட் வைக்க நடுவில் ஓட்டை போட்டிருந்தார். பேசும்போது போட்டிருந்துவிட்டு, தும்மல் வந்தால் மட்டும் கழற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். துணி அழுக்காகிவிடுமாம். இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒரு முகம் இருந்தால் அதைக் காட்ட வேண்டும் என்றுதான் மனிதனுக்குத் தோன்றும்.

எனக்கு முகம் முக்கியமில்லை. எனக்குக் குரல். ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் அறிவிப்பு நான்தான். ஃபீஜி மொழியில் சொன்னவள் உலமிலா. நான் மிலா என்று கூப்பிடுவேன். அவளுக்கு நான் அண்ணன். அந்தச் சின்ன அறையில் பல வருஷம் ஒரே மேஜை, ஒரே மைக். நான் கொண்டுபோகிற ரொட்டியில் பாதி அவளுக்கு, அவள் அவித்துக் கொண்டுவருகிற மரவள்ளிக்கிழங்கில் பாதி எனக்கு. அவளுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அதனால் கொரோனா வந்த நாளிலிருந்து பயந்தாள். இடுப்பில் சுற்றுகிற பூப்போட்ட சுலுத் துணியை மடித்து அவளே மாஸ்க் தைத்துக்கொண்டாள், மூக்குக்கு மேல் கம்பிகூட வைத்து. சாப்பிடும்போது வெளியே போய் மாமரத்தடியில் தனியாக நின்று சாப்பிடுவாள். ரொட்டி பங்கு போடுவது அதோடு நின்றது.

நாள் முழுக்க நாங்கள் சொன்னது ஒரே விஷயம். மூக்கையும் வாயையும் மூடுங்கள், இடைவெளி விட்டு நில்லுங்கள். அதை நான் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னேன் என்பது உண்மை. கண்ணாடிக்கு வெளியே நின்ற டிரைவர்கள் என்னைக் காட்டிச் சிரிப்பார்கள். அவர்களில் ஒருவன் ஒருநாள் ஜன்னலைத் தட்டி, "லகன் அண்ணே, உங்க மூக்குக்கு மட்டும் அரசாங்கத்துல பாஸ் குடுத்திருக்காங்களா?" என்று கேட்டான். நானும் சிரித்தேன். மிலா சிரிக்கவில்லை. மைக்கை அணைத்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னாள்.

"அண்ணே, வெளிய இருக்கறவங்களுக்குச் சொல்றீங்க. உள்ள நான் ஒருத்தி இருக்கேன்."

கண்ணாடியில் ஆவி படிகிறது என்றேன். அவள் தன் பையிலிருந்து ஒட்டுப்பட்டை எடுத்து, மாஸ்க்கின் மேல் விளிம்பை மூக்கோடு ஒட்டிக்கொள்ளச் சொன்னாள். ஆவி மேலே வராதாம். ஒட்டிப் பார்த்தேன், வரவில்லைதான். ஆனால் மூக்கு அடைத்தால் என் குரலில் இருக்கிற கனம் போய்விடுகிறது. அன்று மத்தியானமே பிய்த்துப் போட்டுவிட்டேன்.

அப்போதுதான் ஒலிப்பதிவு விஷயம் வந்தது. அறிவிப்புகளைப் பதிவு செய்து எல்லா பஸ் நிலையங்களிலும் போடப்போகிறார்கள், கடல் தாண்டி லம்பாசா வரைக்கும். மிலாவையும் என்னையும் கேட்டார்கள். எனக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கம் சரியாக இல்லை. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன், குளிர்ந்த தண்ணீரைத் தொடவில்லை. நமக்குப் பிறகும் நம் குரல் இருக்கப்போகிறது என்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். எனக்கு முடியாவிட்டால் ரேடியோவில் பேசுகிற சுவாக்காரர் ஒருவரை வைத்து ஹிந்தியைப் பதிவு செய்துகொள்வார்கள் என்றும் தெரிந்தது. அவர் குரல் மூக்கடைத்த ஆடு மாதிரி இருக்கும்.

பதிவு நாளன்று காலை என் மனைவி பிரேம்லதா பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். யாரோ வாசலில் கூப்பிட, போய்விட்டாள். நான் அடுப்புக்குப் பக்கத்தில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இருமிக்கொண்டே ஓடிவந்தாள். பூண்டு கருகிச் சட்டி கறுத்துப்போயிருந்தது. வீடெல்லாம் புகை.

"பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க, நாத்தம் தெரியல?" என்றாள்.

தெரியவில்லை. கற்பூரத்தைக் கொண்டுவந்து மூக்கருகில் பிடித்தாள். அதுவும் தெரியவில்லை. அவள் ஒன்றும் கத்தவில்லை. இன்றைக்குப் போகாதீர்கள், போன் செய்து சொல்லிவிடுங்கள் என்றாள். வெறும் சளி, நாளைக்குப் போய்ப் பரிசோதித்துக்கொள்கிறேன் என்றேன். நாளைக்கு என்று நான் சொன்னது பொய் இல்லை. அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

பதிவு செய்யச் சுவாவிலிருந்து வந்த அம்மாள் கருவியை மேஜைமேல் வைத்துவிட்டு, உள்ளே இரண்டு பேருக்குமேல் இருக்கக்கூடாது என்று வெளியே போய் நின்றுகொண்டாள். பஸ் சத்தம் கேட்கக்கூடாது என்று ஜன்னல்களை எல்லாம் மூடி, இடுக்கில் துணி செருகினோம். மின்விசிறியும் கூடாது. மிலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லிக்கொடுத்த மாதிரி முதலில் மாஸ்க்கோடுதான் ஆரம்பித்தோம். வெளியே நின்ற அம்மாள் காதில் மாட்டிக் கேட்டுவிட்டுக் கையை ஆட்டினாள். தெளிவாக இல்லையாம்.

நான் என்னுடையதைத் தாடைக்கு இறக்கினேன். மிலா இறக்கவில்லை.

"ஒவ்வொருத்தரா உள்ள வந்து பேசிடலாம் அண்ணே. நான் வெளிய நிக்கறேன், நீங்க முதல்ல பேசி முடிங்க."

நல்ல யோசனைதான். ஆனால் ஹிந்தி முடிந்ததும் ஃபீஜி மொழி, அது முடிந்ததும் இங்கிலீஷ் என்று மாறி மாறி வர வேண்டும். இரண்டு குரலும் ஒரே மூச்சில் போனால்தான் கேட்க நன்றாக இருக்கும். தனித்தனியாக எடுத்தால் ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கும். அதைச் சொன்னேன். அவள் தயங்கினாள். பிறகு நான் சொன்னதை உங்களுக்கு அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் எல்லோரும் கேட்டது அதைப் பற்றித்தான்.

"துணிக்குள்ள பேசினா நீ அழற மாதிரி இருக்கு மிலா. தேவாலயத்துல பாடற குரல் இது. சாகற வரைக்கும் ஊர்ல எல்லாரும் கேக்கப்போறாங்க. கொஞ்ச நேரம் கழட்டு. நான் இருக்கேன், வேற யாரு இருக்கா?"

கழற்றினாள். கழற்றி நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தை நான் முழுசாகப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. இளைத்திருந்தாள். நன்றாகப் பேசினாள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரே மைக், அதனால் தலையோடு தலை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டியிருந்தது. நானும் நன்றாகப் பேசினேன். 'வாசனையோ ருசியோ தெரியாவிட்டால் வீட்டை விட்டு வெளியே வராதீர்கள், உடனே பரிசோதனை செய்துகொள்ளுங்கள்' என்று ஒரு வாக்கியம். அதை ஒரே தடவையில் சரியாகச் சொன்னேன். மற்றதையெல்லாம் திரும்பத் திரும்ப எடுத்தார்கள், அதை மட்டும் மறுபடி எடுக்கவே இல்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை.

வாரக் கடைசியில் மிலாவுக்குக் காய்ச்சல். பிறகு ஆம்புலன்ஸ். அவளை வைத்து எங்களையும் பரிசோதித்தார்கள். எனக்கும் இருந்தது, பிரேம்லதாவுக்கும் இருந்தது, இரண்டு பேருக்கும் லேசாகத்தான். நோய் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கிற வேலையில் இருந்த ஒரு பெண் போன் செய்தாள். மரியாதையான பெண். உங்கள் இருவரில் யாருக்கு முதலில் காய்ச்சல் வந்தது என்று கேட்டாள். மிலாவுக்கு என்றேன். அது உண்மை. எனக்குக் காய்ச்சலே வரவில்லை, மூக்குதான் போனது. மூக்கு போவதைக் காய்ச்சல் என்று யாரும் சொல்வதில்லை. மாஸ்க் போட்டிருந்தீர்களா என்று கேட்டாள். நான் போட்டிருந்தேன், அவள் கழற்றியிருந்தாள் என்றேன். அதுவும் உண்மை. தாடையில் இருந்தாலும் என்னுடையது முகத்தில்தான் இருந்தது.

மிலா திரும்பி வரவில்லை. புதைக்கும்போது குடும்பத்தில் நாலைந்து பேரைத்தான் விட்டார்கள். பாட்டு இல்லை. அவ்வளவு பாடினவளுக்கு அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை.

நான் யாரிடமும் போய் எதையும் பரப்பவில்லை. கேட்டவர்களுக்கு மட்டும், போனில் சொன்னதையே சொன்னேன். டீக்கடைக்காரர் கேட்டார், டிரைவர்கள் கேட்டார்கள். ஊர் அதற்குமேல் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. பஸ் நிலையத்துக்கு நோயைக் கொண்டுவந்தவள் அவள்தான் என்றானது. ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தால், "தனக்குச் சொல்லத் தெரியல, ஊருக்குச் சொல்றா" என்று மார்க்கெட் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவள் மகள் திதிலியா அங்கே சேப்பங்கீரை விற்றுக்கொண்டிருந்தாள். அவள் கீரையை யாரும் தொடவில்லை. சாயந்திரம் வாடின கட்டுகளை அப்படியே ஆற்றில் போட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் வாங்கலாமா என்று நினைத்தேன். ஆனால் நான் வாங்கினால் வேறு மாதிரிப் பேசுவார்கள்.

கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து அவர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். மிலாவின் கணவன் அபிசாய், அவன் அண்ணன், திதிலியா. மூவரும் மாஸ்க்கைக் கண்ணுக்குக் கீழ்வரை ஏற்றிப் போட்டிருந்தார்கள். அபிசாய் கையில், இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர் பெரிய கட்டாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வருகிறவர்கள் அதைத்தான் கொண்டுவருவார்கள். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. என் வராந்தாவில் தரையில் சம்மணமிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்கள். அண்ணன்தான் பேசினார். எங்கள் வீட்டுப் பெண்ணால் உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் நோய் வந்தது, ஊருக்கும் வந்தது, எங்கள் குடும்பத்தை மன்னிக்க வேண்டும் என்றார். அபிசாய் அந்த வேர்க்கட்டை என் காலருகே நகர்த்தி வைத்தான்.

கட்டைத் தொட்டால் மன்னித்ததாக அர்த்தம். தொடாமல் விட்டால் அவர்கள் அவமானத்தோடு எழுந்து போக வேண்டும். பெரியவர்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், மனைவியை இழந்தவன் தலை குனிந்திருக்கிறான். அந்த நேரத்தில் அவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் குனிந்து இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டேன். மிலா எனக்குத் தங்கை மாதிரி, எனக்கு யார்மேலும் கோபமில்லை என்று சொன்னேன். நல்ல கனமாகத்தான் வந்தது குரல். அவர்கள் தங்கள் வழக்கப்படி கையைக் குவித்துத் தட்டினார்கள். அபிசாய் அழுதான்.

எழுந்து போகும்போது திதிலியா மட்டும் நின்றாள்.

"அங்கிள், ஒன்னு கேக்கணும். அம்மா வீட்ல எங்ககிட்டகூட அதைக் கழட்டல. தூங்கும்போதுதான் கழட்டுவாங்க, அதுவும் தனி ரூம்ல. அன்னிக்கு மட்டும் ஏன் கழட்டினாங்க?"

அந்தப் பெண்ணுக்கு அம்மாவின் கண்கள். நான் கொஞ்சம் யோசித்தேன். ஒரு பிள்ளைக்கு அம்மாவைப் பற்றி எது ஆறுதலாக இருக்குமோ அதைத்தான் சொல்ல வேண்டும்.

"சில நேரம் மனுஷங்களுக்குப் பொறுமை போயிடும்மா. அவளைத் தப்பா நினைக்காத."

நினைக்கமாட்டேன் என்று தலையாட்டிவிட்டுப் போனாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் பிரேம்லதா நின்றிருந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அதை எப்படிக் கையில வாங்கினீங்க?" நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டாள். அந்த வாரமே பா நகரத்திலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கைக்கு முட்டிவலி, ஒத்தாசைக்கு ஆள் வேண்டும். இன்னும் வரவில்லை.

நீங்கள் கேட்கத் தயங்குகிறீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், நோய் முதலில் எனக்குத்தான் வந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன், ஜன்னலை அடைத்தேன், அவள் மாஸ்க்கைக் கழற்ற வைத்தேன். அவள் செத்த பிறகு பழியும் அவள்மேல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இதையெல்லாம் இப்போது திதிலியாவிடம் போய்ச் சொன்னால் என்ன ஆகும்? ஆறின புண்ணைக் கீறின மாதிரி ஆகும். அவள் சின்னப் பெண், தாங்கமாட்டாள்.

எழுதுவதானால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பத்தை நான் முழு மனதோடு மன்னித்தேன். இன்றுவரை அவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.