பனி காயும்வரை பொறுங்கள்

நிதிக்குழுவின் தலைவராக வீற்றிருந்து, வந்ததிலிருந்து மூன்றுமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்ட பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களே, இருமருங்கும் அமர்ந்திருக்கும் உறுப்பினர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, விடியுமுன் வயலில் இறங்கி வெயில் சாய வீடேகும் என் தாய்மார்களே, இலையை நட்டவர்களே, இலையில் நனைந்தவர்களே, நஞ்சென்று தெரிந்தும் நாள்தோறும் தொட்டவர்களே, அனைவருக்கும் பண்ணைத் தொழிலாளர் சங்கச் செயலாளரின் வணக்கம்.

எனக்குப் பேச வராது என்று தொடங்குவது மேடை மரபு. எனக்கு வரும். கிடைத்த மேடையை நான் விட்டதே இல்லை. நம்முடைய புகையிலை ஆராய்ச்சிப் பண்ணைக்கு அரசு தரும் பணத்தைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று இந்தக் குழு இன்று முடிவெடுக்கப் போகிறது. அதற்குள் இருபத்திரண்டு ஆண்டுகளாக என் நெஞ்சில் அடங்காமல் நிற்கும் ஒரு வியப்பைச் சொல்லிவிடுகிறேன்.

பின்வரிசையில் ஒரு தம்பி எழுந்து கேட்கிறார்: "ஊரைக் கெடுக்கற பயிருக்கு எதுக்குக்கா ஊர்ப்பணம்?" நல்ல கேள்வி தம்பி. உட்காருங்க, அங்கதான் வர்றேன்.

புகையிலை விதையைக் கண்டிருக்கிறீர்களா? ஒரு சிட்டிகை எடுத்தால் அதில் ஆயிரக்கணக்கில் இருக்கும். மூச்சு விட்டால் பறக்கும். பறக்காமல் மண்ணில் தங்கிய ஒன்று, நான்கே மாதத்தில் ஆள் உயரம் நிமிர்ந்து, முறம் முறமாய் இலை விரிக்கும். பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அந்த விதையை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்து, "விதை எங்கம்மா? தூசியில்ல குடுத்திருக்கீங்க" என்று தட்டிவிட்டவள் நான். கொடுத்தவர் பண்ணையின் ஆராய்ச்சியாளர், தடித்த கண்ணாடி போட்டதால் நாங்கள் கண்ணாடியம்மா என்று கூப்பிட்டவர். அவர் கோபப்படவில்லை. மண்டியிட்டு, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றித் தரையிலிருந்து எடுத்தார்.

அந்த ஆண்டு உரச்சோதனை. இருபது பாத்திக்கு உரம் உண்டு, இருபது பாத்திக்கு இல்லை. இரண்டையும் ஒப்பிட வேண்டும். தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள், பெற்ற பிள்ளைகளில் பாதியை ஊட்டி வளர்த்து, பாதியைப் பட்டினி போடும் தாய் உண்டா? வாடி நின்ற செடிகளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா அலுவலகத்துக்குள் போனதும் ஆளுக்கொரு பிடி வைத்துவிடுவேன். அறுவடையில் நாற்பது பாத்தியும் ஒன்றுபோல் செழித்து நின்றன. உரமே வேண்டாம் என்று அறிக்கை எழுத அம்மா உட்கார்ந்தார். நான் போய் அவர் மேசை முன் நின்றேன்.

"அம்மா, அந்தப் பாத்திக்கெல்லாம் நான்தான் உரம் வச்சேன்."

"எத்தனை நாளா?"

"நட்டதுலேர்ந்து."

"எதுக்கு?"

"பாவமா இருந்துச்சு."

அம்மா பேனாவை மூடி வைத்தார். புதிய தாள் ஒன்றை எடுத்தார். பிறகு எழுதினார்: "இந்த ஆண்டுச் சோதனை செல்லாது. வேலை செய்பவருக்குச் சோதனையின் காரணத்தை நான் விளக்கவில்லை. தவறு என்னுடையது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் உலகத்தில், யாரும் அறியாத ஒரு பிழையைத் தன் கையாலேயே எழுதி, தன் பெயரையும் அதன் கீழே போட்ட ஒருவரை அன்றுதான் கண்டேன். இன்றும் நினைத்தால் உடல் சிலிர்க்கிறது.

அதன்பின், "வயல்ல எதைப் பார்த்தாலும் எங்கிட்ட சொல்லணும்" என்றார். சொன்னேன். என் தங்கை இலை பறிக்கும் நாளெல்லாம் தலைசுற்றி, கை நடுங்கி, வாந்தியெடுப்பதைச் சொன்னேன். மேஸ்திரி அதை நடிப்பு என்றார். வீட்டிலிருந்தவர்கள் சாப்பாடு சேரவில்லை என்றார்கள். கண்ணாடியம்மா யாரிடமும் விவாதிக்கவில்லை. மறுநாள் விடியலில் எங்களோடு வயலில் இறங்கி, பனியில் நனைந்து பறித்தார். பத்து மணிக்கு வரப்பில் குனிந்து வாந்தியெடுத்தார்.

இரண்டு பருவம் ஆராய்ந்தார். இலையின் நஞ்சு பனித்தண்ணீரில் கரைந்து தோல்வழியே உடம்புக்குள் இறங்குகிறது என்று காட்டினார். பனி காயும்வரை பொறுங்கள், கையை உறையால் மூடிப் பறியுங்கள் என்றார். அவ்வளவுதான். என் தங்கை எழுந்தாள்.

தம்பி, இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். இலையைப் பெருக்க வழி கேட்டால் புகையிலைக் கம்பெனி பணம் தரும். இலை பறிக்கும் கையைக் காக்க யார் தருவார்? இலையை விட்டே விலக வழி கேட்டால் யார் தருவார்? அதே மண்ணில் வேறு எந்தப் பயிர் நம் குடும்பத்தைக் காக்கும் என்று அம்மா மூன்று ஆண்டாகச் சோதித்து வருகிறார். இரண்டு பயிர் தோற்றன. தோற்றன என்றே எழுதினார். மூன்றாவது பயிர் நிற்கிறது. அது நிலைக்குமா என்று தெரிய இன்னும் இரண்டு ஆண்டு வேண்டும். பணம் நின்றால் பண்ணையைத் தாங்களே நடத்துவதாகக் கம்பெனி சொல்கிறது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். மறுநாளே அந்த மூன்றாவது பயிரைப் பிடுங்கிவிட்டு அங்கும் புகையிலை நடுவார்கள். ஊரைக் கெடுக்கும் பயிரிலிருந்து ஊர் வெளியேறும் வழியை ஊர்ப்பணம்தான் தேட வேண்டும்.

தலைவர் ஐயா, பாவம் பார்த்து ஒரு சோதனையைக் கெடுத்தவள் நான். எங்களைப் பார்த்து நீங்கள் பாவப்பட வேண்டாம். சோதனை முடியட்டும், விடை தோல்வியானால் அதையும் கேட்டுக்கொள்கிறோம்.

நான்காவது வரிசையில் என் தங்கை இருக்கிறாள். தங்கச்சி, கையைத் தூக்கிக் காட்டும்மா. பாருங்கள் ஐயா, இலைக்கறை இன்னும் போகவில்லை. ஆனால் நடுக்கம் இல்லை. பனி காயும்வரை பொறுத்ததால் பிழைத்த கை அது. அந்தக் கை வேறொரு பயிரை அறுக்க இன்னும் இரண்டே இரண்டு ஆண்டு பொறுங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், கேள்வி கேட்ட தம்பிக்கும், நான் பேசத் தொடங்கியபின் கடிகாரத்தையே பார்க்காத தலைவர் ஐயாவுக்கும் நன்றி கூறி, என் தங்கையின் கையோடு என் கையையும் சேர்த்துக் கூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்.